மே மாதத்துக்கு முன்னமா, பின்னமா

எங்கள் தெருவில் கடைசியாகப் பொட்டி ரீவி வைத்திருந்த வீடு எங்களுடையது. முன்வீட்டில், கட்டாருக்குப் போன மகன் அனுப்பிய பிளாட் ரீவியைச் சுவரில் மாட்டிவிட்டு வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள், போகிற வருகிறவர்கள் பார்க்கவேண்டுமே. பின்வளவில் சுவருக்கு இன்னும் சாந்து பூசவில்லை, ரீவி மட்டும் பாய் அகலம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், இன்னும் இந்தச் சாமானையா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நான் சிரிப்பேன். அவர்கள் படலையைத் தாண்டியதும் பல்லை நெருமுவேன்.

வாங்க வசதியில்லாமல் இல்லை. நான் பாடசாலையில் படிப்பித்தேன், இவருக்கும் அரசாங்க வேலை. இவர் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரை. களுவாஞ்சிக்குடி ஆள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் கட்டி எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தவர். கிரிக்கெட் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. ஆகவே புது ரீவி வாங்குவதா இல்லையா என்பது எங்கள் வீட்டில் கேள்வியே இல்லை. எப்போது வாங்குவது என்பதுதான் கேள்வி. மே மாதத்துக்கு முன்னமா, பின்னமா? இதைப் பிடித்துக்கொண்டு நானும் அம்மாவும் வருடக்கணக்காகச் சண்டை போட்டோம். வெளியில் சொன்னால் இரண்டு பேருக்கும் விசர் என்பார்கள். அதனால் வெளியில் சொல்லவில்லை.

மே மாதத்தில் அரச தொலைக்காட்சி போரை வென்ற விழாவைக் காட்டும். அணிவகுப்புத் தொடங்குவதற்கு முன் பழைய படங்களைப் போடுவார்கள். அதில் கடைசி நாட்களில் சனம் தண்ணீருக்குள்ளால் நடந்து வருகிற ஒரு துண்டு இருக்கும். அந்தத் துண்டுக்குள் என் தம்பி வருகிறான் என்று அம்மா சொல்வார். மற்றத் தமிழ் வீடுகள் எல்லாம் ரீவியை நிறுத்தி வைக்கும் அந்த நாளில் எங்கள் வீட்டில் மட்டும் விடியச் சாமத்துக்கே போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். சில வருடம் கண்ணகி அம்மன் சடங்கும் அதே கிழமையில் வரும். ஊரே கோயிலில் நிற்க, அம்மா வெற்றி விழாப் பார்த்துக்கொண்டிருப்பார். வருடத்தில் ஒரு தடவை, நான்கைந்து தரம் மூச்சு விடுகிற நேரம், அவருக்கு மகனைக் காண வேறு வழி இருக்கவில்லை.

தம்பி போன கதையை நீட்டிச் சொல்ல எனக்குப் பலமில்லை. பதினாறு வயதில் ஓ.எல். சோதனை எழுதி மறுமொழி வருவதற்கு முன், ரியூசனுக்குப் போன வழியில் இயக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பிறகு கிழக்கில் அவர்களுக்குள்ளேயே பிளவு வந்தபோது பிள்ளைகளை வீட்டுக்கு விட்டார்கள். மற்றத் தாய்மாரின் பிள்ளைகள் ஒட்ட வெட்டிய தலையோடு ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. எங்களுடையவனை அதற்கு முன்னமே வன்னிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருடம் முடிகிற நேரத்தில் கடல் வந்தது. எங்கள் வீடு அப்போது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற நிலத்துண்டில் இருந்தது. அப்பா வாவியில் வலை வீசுகிறவர், கடல் தொழிலுக்குப் போகாதவர். கடலை நம்பக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்த மனுசன் அன்றைக்குக் காலை யாரோடோ கதைக்கக் கடற்கரைப் பக்கம் போயிருந்தார். அவரை வாவிக்குள்தான் எடுத்தோம். பெற்ற ஆண்பிள்ளை உயிரோடு இருக்க, பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். அம்மா அன்று அழுததில் பாதி அதற்கு.

வீடு போனவர்களுக்கு உள்ளே தள்ளிப் புது வீடு கட்டித் தந்தார்கள். வீட்டோடு ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு பொட்டி ரீவி. கடல் கொண்டுபோன சாமான்களுக்குப் பதில் சாமான். நன்றாகத்தான் வேலை செய்தது. பிறகு ஒரு மாரியில் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்ததோடு திரையின் கீழ்ப்பக்கம் இருண்டுபோனது. மேலே படம், கீழே கறுப்பு. செய்தி வாசிக்கிறவளுக்குத் தலையும் தோளும் இருக்கும், மேசை இருக்காது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று இவர் பகிடி விடுவார். கிரிக்கெட்டில் பந்து போடுகிறவனின் கால் கோட்டைத் தாண்டியதா என்பது மட்டும் தெரியாது, அதற்கு ரேடியோவையும் பக்கத்தில் வைத்துக்கொள்வார். நாங்கள் பழகிப்போனோம்.

அந்த அரைப் படத்தில்தான் நாங்கள் வன்னியின் கடைசி மாதங்களைப் பார்த்தோம். செய்திக்கு முன் போடுகிற வெற்றி மேளச் சத்தத்தைக் கேட்க முடியாமல் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தோம். முடிந்துவிட்டது என்று அறிவித்த நாளில் ரவுண் கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள். சந்தியில் நின்றவர்கள் பஸ்ஸை மறித்துப் பால்சோறு கொடுத்தார்கள். வாங்காமல் இருக்க ஏலாது. நான் வாங்கி, கையில் வைத்துக்கொண்டே வீடு வந்தேன். வீட்டில் அம்மா ரீவிக்கு முன்னால் எழும்பி நின்றுகொண்டிருந்தார். கண்ணை எடுக்காமல், நான் வந்த அரவத்துக்குச் சொன்னார்.

"அந்தா போறான். என்ட புள்ள அந்தா போறான்."

நான் பார்க்கிறதுக்குள் அது போய்விட்டது. அன்றைக்கே திரும்பத் திரும்பப் போட்டார்கள், அப்போது பார்த்தேன். சனம் வருகிறது. மேலில் எல்லாம் சேறு. நடுவில் ஒரு மெலிந்த பொடியன், வெறும் மேல், தோளில் யாருடையதோ ஒரு குழந்தை. ஒரு தரம் முகத்தைத் திருப்பிக் கமராவைப் பார்ப்பான். குழந்தையின் கால் அவன் முகத்தில் பாதியை மறைக்கும். மிச்சப் பாதி எங்கள் ரீவியில் ஒரு பாக்கு அளவுதான் இருந்தது. அதுவும் ஆடும்.

அந்தப் பாக்கு அளவு முகத்தை நம்பி அம்மா வவுனியாவுக்கு நடையாய் நடந்தார். முள்ளுக்கம்பி அடித்த முகாம் ஒவ்வொன்றின் வாசலிலும் நின்றோம். பிறகு பொடியன்களைத் தனியாக வைத்திருக்கிறார்கள் என்று சொன்ன இடங்களுக்குப் போனோம். எங்கே போனாலும் அம்மாவுக்கு ஒரே கதைதான்: என்ட மகன் வெளியில வந்தவன், நீங்கதான் ரீவியில காட்டினீங்க. சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள், சிலர் விரட்டினார்கள். ஒருவர் மட்டும் நல்ல தமிழில், அம்மா அந்தப் படத்தில் ஆயிரம் பேர் வருகினம் என்றார். ஆயிரத்தில் என்ட மகன் ஆரெண்டு எனக்குத் தெரியாதா என்று அம்மா அவரிடமே பாய்ந்தார்.

நான் நம்பவில்லை. மாங்கேணிப் பொடியன் ஒருவன், தம்பியோடு ஒரே இடத்தில் இருந்தவன், புனர்வாழ்வு முகாமில் இருந்து விடுபட்டு வந்து எங்கள் வீட்டு விறாந்தையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். போர் முடிவதற்கு முந்தின மாரியிலேயே தம்பி இருந்த பக்கம் எல்லாரும் முடிந்துபோனார்கள் என்றான். அம்மா அவனை இனிமேல் இந்தப் படியை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிக் கலைத்துவிட்டார். நான் அவனை நம்பினேன். செத்தவனைச் செத்தவன் என்று ஒத்துக்கொண்டால் அழுது முடிக்கலாம். இது அழவும் விடவில்லை, சிரிக்கவும் விடவில்லை.

அம்மாவின் நிலை அப்படி. வேறு எந்த வீட்டிலும் ஒரு இரவு தங்கமாட்டார். தம்பியின் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை தவறாது. சீனி வருத்தத்தில் காலில் புண் வந்து, ஆஸ்பத்திரியில் மறித்து வைத்தார்கள். மே மாதம் பிறக்கப்போகிறது என்று சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டுத் துணியால் நீர் வடிந்துகொண்டிருக்க, ரீவிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். அன்றைக்கு நான் கத்தின கத்தலுக்கு முன்வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, அவன்ட முகம் உங்களுக்கு வடிவாத் தெரியுதா? என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"நீ பெத்தனீயா? நான் பெத்தனான்," என்றார் அம்மா.

நான் முன்வீட்டாரின் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன்.

அந்த ஆத்திரத்தில்தான் புது ரீவி என் மூளைக்குள் ஏறியது. கிரிக்கெட்டுக்கு அல்ல, முன்வீட்டாரின் பெருமைக்குப் போட்டியாகவும் அல்ல. பெரிய திரையில், தெளிவாக, அந்த முகத்தை அம்மா ஒரே ஒரு தரம் பார்க்கட்டும். பார்த்தால் இவன் வேறு யாரோ பெற்ற பிள்ளை என்று அவருக்கே தெரியும். தெரிந்தால் அழுவார். அழுதால் காலுக்கு மருந்து கட்ட விடுவார். என் தாயின் மனதை உடைக்க நான் ரீவி வாங்க நினைத்தேன், இதை இப்படித்தான் சொல்லவேண்டும். அவரை வேறு விதமாய்க் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கோ பயம். இந்தப் பொட்டிக்குள்ளேதான் பிள்ளை வந்தான், இன்னொன்றுக்குள் வருவானா? புதுசுக்கு அன்ரெனா பொருந்தாமல் போனால்? அன்றைக்கென்று ஏதும் பிழைத்தால் அடுத்த மே வரைக்கும் எப்படி இருக்கிறது? மே கழியட்டும் என்பார். மே கழிந்ததும் நான் தொடங்குவேன். இப்பதான் பார்த்தது, அடுத்த வருசம் கிட்ட வரட்டும், அந்த நேரம் இன்னும் நல்லதாய் வந்திருக்கும் என்பார். அடுத்த வருடம் கிட்ட வந்ததும் மே கழியட்டும் என்பார். இவர் நடுவில் நின்று, மாமி, மே மாதத்தில்தான் விலையில் கழிவு குடுக்கிறாங்க என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் அம்மா மசியவில்லை.

"மாத்தினாப் புறகு அவன் வராட்டி ஆரிட்டப் போய்க் கேக்கிற, மருமகன்?" என்றார்.

இவர் பகிடியை விட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.

கடைசியில் ரீவியே முடிவு சொன்னது. படம் வரப் பிந்தியது. வந்தாலும் எல்லாருடைய முகமும் செம்மஞ்சளாய்த் தெரிந்தது. இடையில் ஒரு கோடாய்ச் சுருங்கி நின்றுவிடும், தலையில் ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப விரியும். திருத்துகிறவர் பின்னால் கழற்றிப் பார்த்து, இதற்குச் சாமான் இப்போது வருவதில்லை, இன்றைக்கோ நாளைக்கோ என்றார், ஆஸ்பத்திரியில் சொல்வதுபோல. சித்திரை வருடப் பிறப்புக்குக் கைவிசேடக் காசு வாங்கின கையோடு அம்மா என்னைக் கூப்பிட்டார். புதுசில் அவன் முகம் உண்மையாகவே வடிவாய்த் தெரியுமா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் கேட்டது ஒன்றுக்கு, நான் ஓம் என்றது இன்னொன்றுக்கு. ஆனாலும் ஓம் ஓம்தானே.

ஏறாவூரில் இவருக்குப் பழக்கமான கடைக்குப் போனோம். சுவர் முழுக்கத் திரை. எல்லாவற்றிலும் ஒரே படம், பளிங்குத் தண்ணீருக்குள் வண்ண மீன்கள். மீனின் செதிலை எண்ணலாம். கடைக்காரர் வயதான முஸ்லிம் மனுசர், எல்லாரும் நானா என்று கூப்பிடுகிறவர். தங்கச்சி, ஆளின் முகத்தில் இருக்கிற மறுவும் தெரியும் என்றார். என் கண் அந்த மீன்களிலேயே நின்றது.

"பழைய படமெண்டாலும் இப்படித் தெரியுமா, நானா?"

"எல்லாம் தெரியும்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன பழைய படம், கல்யாண வீடியோவா என்று கேட்டார். இவர்தான் ஓம், குடும்பப் படம் என்றார்.

பழையதைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். லொறி வந்தபோது அம்மா அதை ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்தார். புதுசை இராகு காலம் கழித்து ஏற்றினோம். அம்மா அதன் மூலையில் சந்தனப் பொட்டு வைத்தார். இவர் அன்ரெனா வயரைச் செருகினார், படம் வந்தது. திரை முழுக்க, கீழ்ப்பக்கமும் சேர்த்து. செய்தி வாசிக்கிறவளுக்கு மேசை இருக்கிறது என்று இவர் சொல்ல, அம்மா கூடச் சிரித்தார். அவள் கொஞ்சம் பருத்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அவ்வளவுதான், அதை நான் யோசிக்கவில்லை.

அந்த நாள் வந்தது. அம்மா விடியவே குளித்துவிட்டு வந்து இருந்தார். புண் கட்டோடு காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். நான் அவரைப் பார்க்க இருந்தேனே ஒழியத் திரையைப் பார்க்க இருக்கவில்லை. அவர் உடையும்போது பிடிக்க வேண்டும் என்று பக்கத்தில் பாயில் இருந்தேன். மேளம், கொடி, பேச்சு. பிறகு பழைய படங்கள் தொடங்கின.

சனம் தண்ணீருக்குள்ளால் வந்தது. எல்லாரும் கொழுத்திருந்தார்கள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மாதக்கணக்காகக் கஞ்சியும் இல்லாமல் கிடந்து, விலா எலும்பு தள்ள வந்த சனம் அது. கன்னம் ஊதி, கை பெருத்து, கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் மாதிரி வந்துகொண்டிருந்தார்கள். பழைய ரீவி சதுரம், இது அகலம். சதுரத்துக்கு எடுத்த படத்தை இது பக்கவாட்டில் இழுத்து நிரப்பிக்கொண்டிருந்தது. இவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ரிமோட்டை எடுத்து ஒவ்வொன்றாய் அமத்தத் தொடங்கினார். சனல் மாறிப் போனால் எல்லாம் போச்சு, தொடாதீங்க என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

"ஆர் இவங்க எல்லாம்?" என்றார் அம்மா. "சோறு கண்ட சனம் மாதிரிக் கிடக்கு."

அதற்குள் அவன் வந்துவிட்டான். தோளில் குழந்தை. முகத்தைத் திருப்பினான். அகன்ற முகம், தட்டையான மூக்கு, நாங்கள் ஒருநாளும் கண்டிராத ஒரு தடித்த மனிதன். கிட்டப் போய்ப் பார்த்தாலும் சின்னச் சின்னச் சதுரமாய் உடைகிற முகம். கடையில் மீன் தெளிவாய் இருந்தது மீனைத் தெளிவாய் எடுத்திருந்தபடியால். இதை யார் தெளிவாய் எடுத்தார்கள்?

"இவன் இல்ல," என்றார் அம்மா. "என்ட புள்ள இல்ல இவன்."

நான் இத்தனை வருடம் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. ஆனால் நான் அப்போது அம்மாவைப் பார்க்கவில்லை. முகம் முகமாய் இல்லாதபடியால் என் கண் கீழே இறங்கிவிட்டது, இத்தனை காலமும் எங்கள் திரையில் கறுப்பாய்க் கிடந்த இடத்துக்கு. முழங்கால் அளவு தண்ணீர். சனம் எல்லாம் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் மேலும் கீழும் ஆடிக்கொண்டு வந்தது. அவன் ஒருவன் காலைத் தூக்கவில்லை.

வாவியில் தொழில் செய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சேற்றில் திருக்கை படுத்திருக்கும். காலைத் தூக்கி வைத்தால் அதன் முதுகில் வைப்பாய், வாலால் அடிக்கும், அந்த விசத்தில் ஆம்பிளை ஆளே குழறுவான். காலைத் தேய்த்துக்கொண்டு போனால் அது அரவம் கேட்டு விலகிப் போய்விடும். அப்பா எங்கள் இரண்டு பேரையும் இறாலுக்குக் கூட்டிப் போகும்போது பின்னால் வந்து கெண்டைக்காலில் தட்டுவார், தூக்காத, தேய் என்று. பழகினால் பிறகு விடாது. மழை வெள்ளத்தில் தெருவில் நடந்தாலும் தேய்த்துக்கொண்டுதான் நடப்போம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்ததுண்டு. அந்தப் பொடியன் யாருடையதோ ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, அந்தச் சனத்துக்குள், ஷெல்லும் துப்பாக்கிச் சன்னமும் வருகிற இடத்தில், திருக்கைக்குப் பயந்து காலைத் தேய்த்துக்கொண்டு வந்தான். குழந்தை அசையவில்லை. தோள் அசையவில்லை.

"அம்மா, காலைப் பாருங்க," என்று கத்தினேன். "அம்மா, அவன்ட நடையப் பாருங்க."

அம்மா முகத்தை மறுபக்கம் வைத்திருந்தார். அவர் திரும்பும்போது திரையில் யுத்த டாங்கிகள் ஓடிக்கொண்டிருந்தன.

நான் நிலத்தில் அடித்து அழுதேன். தம்பி செத்துவிட்டான் என்று நினைத்த காலத்தில் நான் அப்படி அழவில்லை. அவன் உயிரோடு கரையேறியிருக்கிறான். அவனைக் கரையில் நின்று கைபிடித்துத் தூக்கியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழந்தையை அவன் தோளிலிருந்து யாரோ இறக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவனை என்ன செய்தார்கள்? இவ்வளவு வருடமும் அம்மா வாசல் வாசலாய்க் கேட்டது சரியான கேள்வி. பக்கத்தில் நின்று, வாங்கம்மா போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தவள் நான்.

அம்மா நம்பவில்லை. தன்னைத் தேற்றத்தான் நான் அப்படிச் சொல்கிறேன் என்றார். முந்தி இல்லை என்ற வாய்தானே என்றார். அதற்குப் பிறகு அவர் அமைதியாகிவிட்டார், எனக்கு வேண்டியிருந்த அதே அமைதி. ஆஸ்பத்திரிக்கு வந்தார், காலைக் காட்டினார், சொன்ன நாள்வரைக்கும் படுத்திருந்தார். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போய்த் தீர்த்தமாடும்போது அப்பாவின் பேரோடு தம்பியின் பேரையும் சொல்லப் போவதாகச் சொன்னார். நான் விடவில்லை. தீர்த்தக் குளத்தின் படியில், ஐயரின் முன்னால், அத்தனை சனத்துக்குள்ளும், அவன் பேரைச் சொல்லக்கூடாது என்று பெற்ற தாயோடு சண்டை பிடித்தேன். ஐயர் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அப்பாவின் பேரை மட்டும் சொன்னார்.

பிறகு அலைந்தது நான். அம்மா போன அதே அரசாங்கக் கந்தோர்களுக்குப் போனேன். எப்படி அடையாளம் கண்டீர்கள், முகமா என்று கேட்டார்கள். நடை என்றேன். நடையா என்றார்கள். எழும்பி நின்று விளங்கப்படுத்தினேன். ஒரு ரீச்சர் இப்படி மேசைக்கு முன்னால் நின்று நடந்து காட்டுவதைப் பார்க்க அவர்களுக்கே வெட்கமாய் இருந்திருக்கும், பேனையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இவர் ரவுணில் இன்ரர்நெற் கடைகளில் ஏறி இறங்கித் தேடினார். சனம் நடந்து வருகிற படம் எத்தனையோ கிடைத்தது. எங்கள் துண்டு கிடைக்கவில்லை.

சரி, மே வரட்டும் என்று இருந்தேன். அம்மா எப்படி எண்ணிக்கொண்டு இருந்தாரோ அப்படி நான் எண்ணிக்கொண்டு இருந்தேன். இவர் அகலத்தைச் சதுரமாக்குகிற பொத்தானைக் கண்டுபிடித்து, மறக்காமல் இருக்க ரிமோட்டில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தார். இந்த முறை அம்மாவின் தலையைப் பிடித்துத் திருப்பியாவது காட்டுவது என்று இருந்தேன்.

இடையில் ஆட்சி மாறியது. புதிதாய் வந்தவர்கள் இனிமேல் வெற்றி விழா என்று கொண்டாடி யாருடைய மனதையும் நோகப்பண்ணக்கூடாது என்றார்கள். நல்ல காரியம் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். பாடசாலையில் என்னோடு படிப்பிக்கிறவர்களும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அந்த மே மாதத்து நாளில் விடியவே ரீவியைப் போட்டோம். இவர் பொட்டு வைத்த பொத்தானை அமத்திச் சதுரமாக்கி வைத்தார். யாரோ ஒருவர் விளக்கேற்றினார். கொஞ்சம் பேசினார்கள். அது முடிந்ததும் ஒரு பெண் வந்து மாம்பழப் புடிங் செய்யத் தொடங்கினாள்.

இவர் மற்றச் சனல்களைத் தட்டிப் பார்த்தார். திரும்ப இங்கே வந்தார். மதியம் திரும்பும்வரை மூன்று பேரும் இருந்தோம். இத்தனை வருடம் அந்தப் படத்தைப் போட்ட ஒவ்வொரு முறையும் வயிறெரிந்து திட்டிய எனக்கு, அதைப் போடுங்கடா என்று திரையில் காறித் துப்பவேண்டும்போல வந்தது. எங்கள் மனம் நோகக்கூடாது என்று எங்கள் பிள்ளையை எடுத்து ஒளித்துவிட்டார்கள்.

"இனிக் காட்டமாட்டாங்களா?" என்றார் அம்மா.

இவர் தெரியாது மாமி என்றார். ரிமோட்டை மேசையில் வைத்தார்.

அம்மா மேசையில் கிடந்த ரிமோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வருடமாய் நம்பாத முகத்தோடு பார்த்தவர், அன்றைக்கு வேறு விதமாய்ப் பார்த்தார்.

"அவன் எப்பிடி நடந்தவன் எண்டனீ?" என்றார். "ஒருக்கா நடந்து காட்டு, புள்ள."

நான் எழும்பினேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினேன். ரீவிக்கும் அம்மாவுக்கும் நடுவில், சீமெந்துத் தரையில், காலைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றார். "அவன்தான்."

நான் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கிறுகித் திரும்பி வா, மகள். இன்னொருக்கா நட."